புங்கமரத்தடியைப் பார்த்துவிட்டு வரைபடத்தைத் திறங்கள்: சென்னை ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) அலுவலக வளாகம் ஒன்றின் நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழுவினருக்கும், இரண்டாவது கட்டடத்தை வடிவமைக்கும் கட்டடக் கலைஞர்களுக்கும், பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் வளாகத்தின் தோட்ட வேலைகளை 2011 முதல் மேற்பார்வை செய்து வருகிறேன். சம்பளம் கொடுப்பது ஒப்பந்தக்காரர்தான். ஆனாலும் இந்த வளாகத்தில் எந்த இடத்தில் மண்வெட்டி இறங்கும், எந்த இடத்தில் ஜல்லியில் இடித்து நிற்கும் என்பது எனக்கும் என்னோடு வேலை செய்யும் ஒன்பது பேருக்கும்தான் தெரியும். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன மாதம் உரமூட்டைக் கணக்கைக் கொடுக்க சைட் ஆபீசுக்குப் போனேன். இரண்டாவது கட்டடத்தின் லேண்ட்ஸ்கேப் வரைபடம் சுவரில் ஒட்டியிருந்தது. கால் மணி நேரம் அதன் முன்னால் நின்றேன். முன்பக்கம் 20,000 சதுர அடிக்குக் கொரியன் புல். வாசலின் இருபுறமும் வரிசையாக ராயல் பாம். நடுவில் நீரூற்று. மதிலை ஒட்டி மஞ்சள் டுராண்டா வேலிச்செடி. மீதி இடமெல்லாம் பேவர் பிளாக். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலத்தில் '24 கார்கள்' என்று எழுதியிருந்தது.

இதே வரைபடத்தை, பெயர் மட்டும் மாறி, பெருங்குடியிலும் காரப்பாக்கத்திலும் சிறுசேரியிலும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை உங்கள் மேசையில் மட்டும் வைத்துவிட்டுப் போகாமல் ஊரறிய எழுதுகிறேன். நான் கேட்கப்போவது, இந்தச் சாலையில் கட்டடம் எழுப்பும் எல்லோரிடமும் கேட்க வேண்டியது.

முதலில் அந்தத் துண்டு நிலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்களில் பலர் அங்கே வந்திருக்க மாட்டீர்கள். முப்பதடி அகலம், இருநூறு அடி நீளம். யாரும் திட்டம் போட்டு வளர்த்த இடமில்லை. முதல் கட்டடம் எழும்போது வேலைக்கு வந்த பெண்கள் குழந்தைக்குத் தூளி கட்டியதால் வெட்டாமல் விட்ட ஒரு புங்கமரம் அங்கே நிற்கிறது. அதைச் சுற்றி, அப்போதைய காவலாளி வேலிக்காக ஊன்றிய நொச்சிக் குச்சிகள் புதராகிவிட்டன. மதிலோரம் ஆடாதொடை தானாக வந்தது. பறவை எச்சத்தில் விழுந்து முளைத்த வேம்பு இரண்டு. தரையில் பொடுதலை படர்ந்து, மழைக்காலத்தில் வெள்ளையும் ஊதாவுமாகக் குட்டிக் குட்டிப் பூவாக நிற்கும். அந்த இடம் மற்ற இடங்களைவிட ஒன்றரை அடி தாழ்வு. இந்தப் பதினான்கு பதினைந்து வருடத்தில் அங்கே ஒரு குடம் தண்ணீர் நாங்கள் ஊற்றியதில்லை. ஒரு பிடி உரமும் போட்டதில்லை.

2019 ஜூன் மாதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தன. இந்தச் சாலையில் பல நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. அடுத்த மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. கழிவறைக்கே லாரி கிடைக்காத நாட்களில் புல்லுக்கு எங்கே ஊற்றுவது? பதினோரு நாளில் முன்பக்கத்து லான் துருப்பிடித்த தகரம் போல ஆகிவிட்டது. கையால் இழுத்தால் பாய் சுருட்டுவது போல வந்தது. அதே நாட்களில் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் போய் நின்றால் புங்கமரம் கரும்பச்சையாக, நிழல் குறையாமல் நின்றது. நொச்சியில் ஊதாப் பூ. எங்கள் பெண்கள் அதன் அடியில்தான் சோற்று டப்பாவைத் திறப்பார்கள், இன்றும் அங்கேதான். அவர்களில் மூத்த அம்மா ஒருவர் அன்றைக்குக் கேட்டார்: "தம்பி, ஊத்தாததெல்லாம் இருக்கு, ஊத்துனதெல்லாம் செத்துப்போச்சு. இதை யாராச்சும் மேல சொன்னீங்களா?"

இப்போது சொல்கிறேன்.

புல்லின் கணக்கை முதலில் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்பது ஒரு லிட்டர். நம் ஊர் கோடை வெயிலில் பச்சையாக இருக்க வேண்டிய புல்வெளி ஒரு நாளைக்கு ஐந்து மில்லிமீட்டர் அளவுக்காவது குடிக்கும். 20,000 சதுர அடி என்பது ஏறத்தாழ 1,860 சதுர மீட்டர். ஆக, ஒரு நாளுக்கு 9,300 லிட்டர். சின்னத் தண்ணீர் லாரி ஒன்று 9,000 லிட்டர் பிடிக்கும். பங்குனி தொடங்கி ஆனி முடிய, வெறும் பார்வைக்காக, தினம் ஒரு லாரித் தண்ணீர். அந்த லாரி எங்கிருந்து வருகிறது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏதோ ஒரு கிராமத்தின் வயற்கிணற்றிலிருந்து வருகிறது.

"எஸ்.டி.பி., அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத் தண்ணீர் இருக்கிறதே" என்பீர்கள். நியாயமான பதில்தான். அலுவலகத்தில் தலைக்கு ஒரு நாளைக்கு 45 லிட்டர் என்று கணக்குப் போட்டுத்தான் கட்டடத்தின் தண்ணீர்த் தேவையையே தீர்மானிக்கிறார்கள். 2,000 பேர் வந்தால் 90,000 லிட்டர், அதில் பெரும்பகுதி கழிவுநீராகச் சுத்திகரிப்புக்குப் போகும். ஆனால் அந்தக் கணக்கு கொரோனாவுக்கு முன்னால் போட்டது. இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் ஆட்கள் நிறைய வருகிறார்கள். சனி, ஞாயிறு தொட்டி காலி. வெயிலுக்கு விடுமுறை கிடையாது. அதைவிடப் பெரிய சிக்கல் உப்பு. போர்வெல் தண்ணீரும் லாரித் தண்ணீரும் ஏற்கெனவே உப்பு. சுத்திகரிப்பு நிலையம் அழுக்கை எடுக்கும், உப்பை எடுக்காது. அதே தண்ணீரைத் திரும்பத் திரும்ப மண்ணில் விட்டால் வெயிலில் தண்ணீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். முன்பக்க லானில் மாசி மாதம் காலையில் குனிந்து பாருங்கள். புல் நுனி பழுத்து, வேர் பக்கம் மண்மேல் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும். நாங்கள் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, மேலே செம்மண் தூவி, புதுப்புல் ஒட்டுகிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 'ரீப்ளேஸ்மென்ட்' என்று பில்லில் வருகிறதே, அது இதுதான்.

உப்பு தாங்கும் மரங்கள் இந்த மண்ணிலேயே உண்டு. வெளிநாட்டிலிருந்தோ ஆந்திராவிலிருந்தோ லாரியில் வர வேண்டியதில்லை. கிழக்கே கடல், நடுவில் பக்கிங்ஹாம் கால்வாய், மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு. இது நெய்தல் நிலம். புன்னை, பூவரசு, புங்கம், தாழை எல்லாம் உப்புக்காற்றிலும் உவர்த் தண்ணீரிலும் பிறந்து வளர்ந்தவை. எஸ்.டி.பி. தண்ணீரை முகம் சுளிக்காமல் குடிப்பவை அவைதான். அதோடு, ஏ.சி. இயந்திரங்களில் வடிந்து சாக்கடைக்குப் போகும் தண்ணீரை ஒரு தொட்டியில் பிடித்து எஸ்.டி.பி. தண்ணீரோடு கலந்தால் உப்பின் கடுமை குறையும். நம் புழுக்கத்தில் அது கொஞ்சநஞ்சமாக வடிவதில்லை. புதுக் கட்டடத்தில் அதற்கு ஒரு குழாய் போடுவது இப்போது எளிது. சுவர் பூசிய பிறகு யாரும் செய்யமாட்டார்கள்.

ஆண்டு முழுக்கப் பச்சையாக இருக்க வேண்டும் என்பது உங்கள் ஆசை. அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி ஒரு காடு உண்டு. உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்வதை வாங்கி வைத்துக்கொண்டு மற்ற மாதங்களை இலை உதிர்க்காமல் ஓட்டும் காடு. பெரும்பாலும் அழிந்துவிட்டது. மரக்காணத்துக்குத் தெற்கே புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு போன்ற சில இடங்களில், சாமிக்குப் பயந்து வெட்டாமல் விட்டதால் மிஞ்சியிருக்கிறது. உலக்கைப்பாலை, வீரை, மகிழம், நாவல், நீலப்பூ பூக்கும் காயா. கொழுத்த இலை, மெழுகு பூசினாற்போல் மினுமினுப்பு. நம் மழையின் தாளத்துக்கென்றே அமைந்த பச்சை இது. புதுச்சேரி பக்கத்து ஆரோவில்காரர்கள் இந்தக் காட்டைத் திரும்ப வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். அடையாறு முகத்துவாரத்தில் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கரைச் சுத்தம் செய்து, இந்தக் காட்டு மரங்களையும் கழிமுகச் செடிகளையும் நட்டு 2011இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்களே, அங்கே ஒருமுறை போய்ப் பாருங்கள். சென்னைக்குள், சாக்கடை ஓரத்தில், அது நடந்திருக்கிறது.

இனி எனக்கு மிகவும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். செடியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் தரையைப் பற்றிப் பேச வேண்டும்.

நம் வளாகத்துத் தண்ணீர் எங்கே போகிறது? இங்கிருந்து பள்ளிக்கரணைக்கு, அங்கிருந்து ஒக்கியம் மடுவு என்ற வடிகால் வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்கு, பிறகு முட்டுக்காட்டில் கடலுக்கு. தென்சென்னையின் ஏரிகள் பலவற்றின் உபரி அந்த ஒரே மடுவில்தான் வந்து நெருக்குகிறது. பள்ளிக்கரணையில் மிஞ்சிய 1,247 ஹெக்டேரை 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். நாமெல்லாம் அதன் மடியில் உட்கார்ந்திருக்கிறோம். 2015 டிசம்பர் ஒன்றாம் தேதி இரவும், 2023இல் மிக்ஜாம் புயலின்போதும் நம் பேஸ்மென்டில் தண்ணீர் ஏறியது. இரண்டு முறையும் வெளியிலிருந்து வந்த வெள்ளம் என்றுதான் அறிக்கையில் எழுதினார்கள். வெளியிலிருந்து வந்தது உண்மை. ஆனால் முதலில் ஏறியது நம் சொந்தத் தண்ணீர். நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். மாடியிலிருந்து இறங்கும் ஆறு குழாயும் பேவர் பிளாக் மேல் கொட்டி, சரிவைப் பிடித்து, ராம்ப் வழியாக அருவி மாதிரி உள்ளே இறங்கியது. தெரு நிரம்பியது அதற்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான்.

புதுக் கட்டடத்தின் மாடி 40,000 சதுர அடி. சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர். அந்த மாடியில் மட்டும் வருடத்துக்கு 50 லட்சம் லிட்டருக்கு மேல் விழுகிறது. ஒரே நாளில் பத்து சென்டிமீட்டர் கொட்டினால் 3.7 லட்சம் லிட்டர். 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் வரைபடத்தில் பன்னிரண்டு வட்டம் போட்டு 'ரீசார்ஜ் குழி', அதாவது மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் குழி என்று குறித்திருக்கிறீர்கள். சதுப்பை ஒட்டிய இந்தக் களிமண்ணில், கார்த்திகை மாதத்தில், மூன்றடி தோண்டினாலே தண்ணீர் ஊறி நிற்கிறது. நிரம்பிய சொம்பில் இன்னொரு சொம்பு எப்படி ஊற்றுவது? முதல் கட்டடத்தின் குழிகளில் நான்கைத் திறந்து பார்த்தேன். சேறும் பிளாஸ்டிக் கப்பும்தான் இருந்தன.

இதற்கு நம் முன்னோர் ஒரு வழியும், அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று இந்த ஊரைச் சுற்றி எத்தனை தாங்கல்! வழிந்தோடும் தண்ணீரைக் கொஞ்ச நாள் தாங்கி நிறுத்தும் சிறு ஏரிக்குத் தாங்கல் என்று பேர். நான் கேட்பது, வளாகத்துக்குள் ஒரு தாங்கல். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தாழ்வான நிலத்தை இன்னும் கொஞ்சம் வடிவமாக்கினால் போதும். 5,000 சதுர அடி, சரிவான கரையோடு ஒன்றரை அடி ஆழம். கிட்டத்தட்ட 2 லட்சம் லிட்டர் நிற்கும். கனமழை நாளில் மாடியிலிருந்து இறங்கும் தண்ணீரில் பாதிக்கு மேல் அங்கே தங்கிவிட்டால், ராம்ப் வழியாக உங்கள் பேஸ்மென்டுக்கு வராது, ஒக்கியம் மடுவையும் அந்த நேரத்தில் நெருக்காது. கரையில் நீர்மருது, நொச்சி. தண்ணீர் ஏறி இறங்கும் விளிம்பில் வெட்டிவேர், கோரை. புங்கமரம் இப்போது நிற்கும் மேட்டிலேயே நிற்கட்டும். தைக்குப் பிறகு தண்ணீர் வற்றினால் பொடுதலை படரும். அதன்மேல் நடக்கலாம், உட்காரலாம். அதுதான் உங்கள் ஊழியர்களுக்கான புல்வெளி. வெட்ட வேண்டாம், கோடையில் லாரிக்குச் சொல்ல வேண்டாம்.

கொசு வரும் என்று பாதுகாப்புப் பிரிவில் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். டெங்கு பயம் எங்களுக்கும் உண்டு. எங்கள் பெண்களில் இரண்டு பேர் படுத்து எழுந்தார்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்குள் வடிந்துவிடும் பள்ளத்தில் கொசு பிறக்காது. அடைமழைக் காலத்தில் வாரக்கணக்கில் தண்ணீர் நின்றால் அது குளம். நம் குளத்துச் சிறு மீனை விட்டால் புழுவைத் தின்றுவிடும், தட்டான்பூச்சியும் வந்துவிடும். மாநகராட்சி ஆட்கள் வந்து பார்த்தபோது நம் வளாகத்தில் புழு கிடைத்த இடங்கள் எவை தெரியுமா? ஓடாமல் நின்ற நீரூற்றின் தொட்டி. வரவேற்பறைத் தொட்டிச் செடிகளின் அடித்தட்டு. மாடியில் கிடந்த காலி பெயின்ட் டப்பா. பின்பக்கத் தாழ்வில் ஒன்றுகூட இல்லை. பாம்பைப் பற்றியும் கேட்பார்கள். சாரையும் தண்ணீர்ப்பாம்பும் இப்போதும் இருக்கின்றன. எலி குறைவாக இருப்பதற்கு அவையும் காரணம். புதரை நடைபாதையிலிருந்து நான்கடி தள்ளி வைத்து, வழியில் வெளிச்சம் போட்டால் போதும்.

அடுத்து பேஸ்மென்ட். வரைபடத்தில் அது மதிலிலிருந்து மதில் வரை போகிறது. அப்படியானால் தோட்டம் என்று நீங்கள் காட்டியிருப்பதெல்லாம் கான்கிரீட் தளத்தின்மேல் இரண்டடி மண். ஒரு கன மீட்டர் ஈரமண் ஏறத்தாழ 2 டன் கனம். அதனால்தான் உங்கள் பொறியாளர் இரண்டடிக்கு மேல் விடவில்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டடி மண்ணில் நந்தியாவட்டை வரும், வெட்சி வரும், மரம் வராது. வந்தாலும் புயலில் நிற்காது. மேற்குப் பக்கம் மட்டுமாவது பேஸ்மென்ட் சுவரை முப்பதடி உள்ளே தள்ளுங்கள். அங்கே அடிமண் வரை வேர் இறங்கட்டும். மேற்கு வெயில்தான் உங்கள் கண்ணாடிச் சுவரைக் கொதிக்க வைக்கிறது. அந்தக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெயில் எதிரிலுள்ள செடியை மதியம் மூன்று மணிக்குக் கருக்குவதை நான் தினம் பார்க்கிறேன். முப்பதடி அகலத்தில் புங்கமும் பூவரசும் இரண்டு வரிசை வைத்தால், ஏழெட்டு வருடத்தில் இரண்டு மாடி வரை நிழல். தீயணைப்பு வண்டி சுற்றிவரும் பாதையை யாரும் தொட முடியாது, தெரியும். கார் நிறுத்தும் இடத்தில் கல்லுக்கு நடுவே இடைவெளி விட்டுப் பதித்து, நான்கு காருக்கு ஒரு மரம் வைக்கலாமே. புன்னையை மட்டும் அங்கே வைக்காதீர்கள், காய் விழுந்தால் கார்க்காரர்கள் மரத்தை வெட்டச் சொல்வார்கள்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். முன்பக்கம் பதினொரு மரங்கள் சாய்ந்தன. மறுநாள் அறுத்து எடுத்தபோது அடியைப் பார்த்தேன். ஐந்து வருடம் தரையில் நின்ற மரத்தின் வேர், அதை வாங்கி வந்த நர்சரிப் பையின் வட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி, கயிற்றுப் பந்து போல இருந்தது. அதற்கு வெளியே ஒரு விரல் வேர்கூட இல்லை. வெளியே என்ன இருந்தது? ஆறு அங்குலச் செம்மண், அதற்குக் கீழே உடைந்த டைல்ஸ், சிமென்ட் கட்டி, கம்பித் துண்டு, ஜல்லி. கட்டடம் முடித்த கையோடு இடிபாட்டைக் கொட்டிச் சமன் செய்து மேலே செம்மண் போர்த்தியிருந்தார்கள். அடிமரத்தைச் சுற்றி கிரானைட் கல் வேறு. அந்த மரங்கள் புயலில் சாகவில்லை, நட்ட அன்றைக்கே சாகத் தொடங்கிவிட்டன. பின்பக்கப் புங்கம் அன்று இரண்டு கிளையை இழந்தது, அவ்வளவுதான்.

அதனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்கிறேன். தோட்டம் என்று குறித்த இடத்தில் கட்டடக் கழிவு கொட்டக்கூடாது, கலவை கலக்கக்கூடாது, லாரி நிறுத்தக்கூடாது. இன்றே வேலி போட்டுப் பிரித்துவிடுங்கள். அடித்தளம் தோண்டும்போது வரும் மேல்மண்ணை ஒன்றரை அடி வரை தனியாக எடுத்து, ஓரமாகக் குவித்து, பசுந்தாள் உரப் பயிரான சணப்பு விதைத்து வையுங்கள். இரண்டு வருடம் கழித்து அதே மண்ணை விரிக்கலாம். பல லட்சம் கொடுத்து எங்கிருந்தோ செம்மண் வாங்க வேண்டியதில்லை. அந்தச் செம்மண்ணுக்காக ஏதோ ஒரு ஊரின் மேடு கரைகிறது.

செடியையும் இப்போதே சொல்லி வைக்க வேண்டும். இங்கே எல்லா வளாகத்துக்கும் ஆந்திராவின் கடியத்திலிருந்து லோடு லோடாக வருகிறது. அந்த நர்சரிக்காரர்களின் கைத்திறனை நான் மதிக்கிறேன். ஆனால் கோதாவரிக் கரை வண்டலில், அன்றாடம் தண்ணீர் குடித்து வளர்ந்த பத்தடிச் செடி, நம் களிமண்ணில் இறங்கத் தயங்குகிறது. உலக்கைப்பாலையும் வீரையும் காயாவும் கேட்டவுடன் கிடைக்காது. செங்கல்பட்டு, மரக்காணம் பக்கத்தில் நாட்டு மரக்கன்று வளர்ப்பவர்களிடம் ஒரு வருடம் முன்னதாகச் சொன்னால் வளர்த்துத் தருவார்கள். மூன்றடிக் கன்று போதும். மூன்று வருடத்தில் பத்தடி வாங்கியதை முந்திவிடும். மதிலோரம் முன்பு வைத்த கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தை இதோடு எடுத்துவிட அனுமதி தாருங்கள். 2025இல் தமிழ்நாடு அரசே அதை நடக் கூடாது என்று சொல்லிவிட்டது. வடிகால் குழாயில் இருமுறை அதன் வேரை நாங்கள் அறுத்தெடுத்திருக்கிறோம். அந்த இடத்தில் நொச்சியும் ஆடாதொடையும் மருதாணியும் வேலியாக வரட்டும்.

நடும் காலம்! இதைச் சொல்லாமல் விட முடியாது. முதல் கட்டடத்தின் திறப்புவிழா சித்திரையில் வந்தது. விழாவுக்கு முந்தின வாரம், இரவு பகலாக, நாற்பது டிகிரி வெயிலில் 3,000 செடி நட்டோம். ஆனி முடிவதற்குள் பாதியை மாற்றினோம். கட்டடம் எப்போது வேண்டுமானாலும் திறக்கட்டும். மரம் மட்டும் ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாசிக்குள் மண்ணுக்குப் போகட்டும். ஐப்பசி மழையில் வேர் பிடித்த கன்று அடுத்த கோடையைத் தாண்டிவிடும். வாரம் ஒரு தண்ணீர், அடியில் இலைமூடாக்கு, இரண்டு கோடை. அதற்குமேல் அதுவே பார்த்துக்கொள்ளும். விழாவன்று வாசல் வெறிச்சென்று இருக்குமே என்று கவலை வேண்டாம். வாழையும் தென்னங்குருத்தும் கட்டினால் எந்த வாசலும் நிறைந்துவிடும்.

பராமரிப்பு ஒப்பந்தத்தில் 'தரையில் இலை இருக்கக் கூடாது' என்று ஒரு வரி இருக்கிறது. புங்கமரம் மாசி, பங்குனியில் இலை கொட்டும், இரண்டு வாரத்தில் தளதளவென்று புதுத்தளிர் விடும். அந்த இரண்டு வாரமும் எனக்குப் புகார் மின்னஞ்சல் வரும். பெருக்கி, மூட்டை கட்டி, குப்பை வண்டிக்குக் காசு கொடுத்து அனுப்புகிறோம். அடுத்த வாரமே மண்புழு உரம் மூட்டை மூட்டையாக வாங்குகிறோம். நடைபாதையில் இலை கூடாது, சரி. மரத்தடியில் நான்கு விரற்கடை மூடாக்காகக் கிடக்கட்டும். மீதியை மட்க வைக்க ஆறடிக்கு ஆறடியில் இரண்டு கூண்டு கொடுங்கள். களைக்கொல்லியையும் நிறுத்திவிடலாம். ரசீது பார்த்துத்தான் சொல்கிறேன், அதில் மிச்சமாகும் காசுக்குக் கூடுதலாக ஒருவரை வேலைக்கு வைக்கலாம். மரங்களுக்குள் கீழிருந்து மேலே அடிக்கும் விளக்குகளும் வேண்டாம். இரவில் அங்கே அடையும் காக்கை, மைனாவுக்குத் தூக்கம் இல்லை.

இன்னொன்று, எங்களுக்காக. முழு வரைபடத்திலும் தோட்டக்காரர்களுக்கு ஓர் இடம் இல்லை. மண்வெட்டி வைக்க அறை இல்லை, குடிக்க ஒரு குழாய் இல்லை, மதியம் உட்கார நிழல் இல்லை. இப்போது இருப்பது அந்தப் புங்கமரத்தடி ஒன்றுதான். அதை எடுத்துவிட்டால், அதைப் போல ஒன்று வளர்ந்து வர இருபது வருடம் ஆகும். எங்களில் பாதிப் பேர் அதற்குள் வேலையை விட்டிருப்போம்.

24 கார் இடம் போகிறதே என்ற கேள்வி உங்கள் கூட்டத்தில் முதலில் எழும். முன்பக்கத்து நீரூற்றையும் அதன் தொட்டியையும் எடுத்தால் ஏழு கார் நிற்கும். வாசல் புல்லில் தெற்கோரத்தை எடுத்தால் இன்னும் பத்து. நான் கயிறு பிடித்து அளந்துவிட்டேன். மீதி ஏழுக்கு, வாரத்தில் நான்கு நாள் பாதி காலியாகக் கிடக்கும் பழைய கட்டடத்தின் இரண்டாவது பேஸ்மென்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். வாசலில் 2,000 சதுர அடி புல் வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், வருபவர்கள் பார்க்கட்டும். அதை நன்றாக வைத்துக்காட்டுவது எங்கள் பொறுப்பு.

அடுத்த வியாழக்கிழமை உங்கள் வடிவமைப்பாளர்கள் வருவதாகக் கேள்விப்பட்டேன். கூட்டத்துக்கு முன்னால், காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுவதற்குள், அவர்களைப் பின்பக்கம் அனுப்புங்கள். மூன்றடிக் குழி ஒன்றை முதல்நாளே தோண்டி வைக்கிறேன். அதில் மண் அடுக்கடுக்காகத் தெரியும். எட்டுக் குடம் தண்ணீர் ஊற்றி, வடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவர்கள் கைக்கடிகாரத்திலேயே பார்க்கட்டும். தாங்கல் எவ்வளவு ஆழம் வேண்டும் என்பதை அந்தக் கணக்கை வைத்தே அங்கேயே முடிவு செய்துவிடலாம். தண்ணீர் வடியும்வரை உட்காரப் பாய் போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வளாகத்தின் தோட்டப் பராமரிப்பு மேற்பார்வையாளன்
மற்றும் என்னோடு வேலை செய்யும் ஒன்பது பேர்